உஷார்! ‘பேட்ச் போட்டாச்சு சார்’

உங்கள் ஆன்லைன் கடை மஜென்டோவில் ஓடுகிறதா? 2024 ஜூனுக்கு முன்பிருந்தே ஓடுகிறதா? அப்படியானால், ‘அந்தப் பிரச்சினைக்கு அப்பவே பேட்ச் போட்டாச்சு சார்’ என்று டெவலப்பர் சொன்னதோடு நிம்மதியாகிவிடாதீர்கள். பேட்ச் போட்டிருப்பார். அதற்கு முந்தைய நாளே சாவி போயிருக்கலாம்.

மஜென்டோவை 2018-ல் வாங்கிய அடோபி நிறுவனம், 2024 ஜூன் 11 அன்று ஒரு பாதுகாப்புத் திருத்தம் வெளியிட்டது. சிவிஇ-2024-34102 என்ற ஓட்டைக்கானது அது. அபாய மதிப்பெண் பத்துக்கு 9.8. ‘காஸ்மிக்ஸ்டிங்’ என்பது அதற்கு விழுந்த பட்டப்பெயர். லாகின் தேவையில்லை, பாஸ்வேர்டு தேவையில்லை. வெளியிலிருந்து ஒரு கோரிக்கையை அனுப்பியே சர்வரில் உள்ள கோப்புகளைப் படித்துவிடலாம். திருடர்கள் தேடிப் போனது ஒரே கோப்பை: என்வ்.பிஎச்பி. கடையின் என்கிரிப்ஷன் சாவி அதில்தான் இருக்கிறது. அது கையில் கிடைத்தால், ‘நான்தான் அட்மின்’ என்று சொல்லும் டோக்கனைத் திருடனே தயாரித்துக்கொள்ளலாம். கடையின் மென்பொருள் அதை அப்படியே நம்பும்.

பேட்ச், கோப்பைப் படிக்கும் வழியை அடைக்கிறது. ஏற்கெனவே படித்துக்கொண்டு போனவனை அது ஒன்றும் செய்யாது. இன்னொரு விவரம் பலருக்குத் தெரியவில்லை. அட்மின் பக்கத்தில் போய்ப் புதிய சாவி உருவாக்கினால், பழைய சாவி தானாகச் செத்துவிடாது. கோப்பில் புதியதன் பக்கத்திலேயே பழையதும் உட்கார்ந்திருக்கும். அதை வைத்துச் செய்த டோக்கனும் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது. இதற்கென்று அடோபி மறு மாதமே தனியாக ஒரு திருத்தம் தர வேண்டியதாயிற்று. முதல் பேட்ச்சைப் போட்டுவிட்டு இரண்டாவதைக் கவனிக்காதவர்கள் எத்தனை பேரோ!

அந்த ஆண்டு செப்டம்பர் முடிவதற்குள் 4,000-க்கும் மேற்பட்ட கடைகளில் திருட்டு நிரல் புகுந்துவிட்டது என்று நெதர்லாந்தின் சான்செக் நிறுவனம் கணக்குக் கொடுத்தது. அவற்றில் சிஸ்கோ பெயர் போட்ட பொருள்கள் விற்கும் கடையும் ஒன்று. நெட்வொர்க் சாதனம் விற்றே உலகப் பெயர் வாங்கிய நிறுவனத்தின் பெயரில் நடக்கும் கடைக்கே அந்தக் கதி.

புகுந்தவன் கடையை உடைப்பதில்லை. கடை நன்றாக ஓட வேண்டும் என்பதில் உங்களைவிட அவனுக்குத்தான் அக்கறை. ஆர்டர் விழும், பணம் வரும், பார்சல் போகும். செக்-அவுட் பக்கத்தில் மட்டும் நாலு வரி ஜாவாஸ்கிரிப்ட் கூடுதலாக இருக்கும். வாடிக்கையாளர் அட்டை எண்ணைத் தட்டத் தட்ட, அது வேறொரு முகவரிக்கும் நகலாகப் போகும். 2018-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் நடந்ததும் இதே வகைத் திருட்டுதான். வெறும் 22 வரி நிரல். நிறுவனம் தானாகக் கண்டுபிடிக்கவில்லை, வெளியாள் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டது. அபராதம் இரண்டு கோடி பவுண்டு. அவ்வளவு பெரிய விமான நிறுவனத்துக்கே வெளியாள் சொல்ல வேண்டியிருந்தது என்றால், ஒரு டெவலப்பரும் ஒரு ஹோஸ்டிங் கணக்கும் வைத்திருக்கும் கடைக்கு யார் வந்து சொல்வார்கள்?

‘நமக்குத்தான் ஓடிபி இருக்கிறதே’ என்பது இந்தியாவில் வழக்கமாகக் கேட்கும் சமாதானம். உள்ளூர் அட்டைக்கு அது ஓரளவு உண்மை. ஆனால் காஞ்சிபுரம் பட்டை நியூஜெர்சிக்கும், திருப்பூர் பனியனை லண்டனுக்கும் அனுப்புகிற கடைகளுக்கு வரும் அட்டைகள் வேறு. எண், காலாவதி தேதி, பின்பக்க மூன்று இலக்கம், இவை போதும், ஓடிபி கேட்காமலே பணம் எடுக்கும் இடங்கள் வெளிநாட்டில் நிறைய உண்டு. சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து அயல்நாட்டு வியாபாரிகளுக்கு மஜென்டோ கடை கட்டிக்கொடுக்கும் சகோதரர்களே, இது உங்களுக்கும்தான்.

அடுத்த சமாதானம்: ‘அட்டை விவரமே எங்களிடம் வராது, கேட்வே பக்கத்துக்குத்தான் போகும்.’ 2022 அக்டோபர் 1 முதல் கடைகள் அட்டை எண்ணைச் சேமிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியும் சொல்லிவிட்டது. நல்லது. ஆனால் திருட்டு நிரலுக்குச் சேமிப்பு எதற்கு? கேட்வே பக்கம் வருவதற்கு முன்பே, உங்கள் கடையின் நிறத்திலும் எழுத்திலும் ஒரு போலிப் படிவத்தை அது காட்டும். வாடிக்கையாளர் நிரப்பியதும் ‘பிழை, மீண்டும் முயலவும்’ என்று சொல்லி, நிஜமான கேட்வே பக்கத்துக்கு அனுப்பிவிடும். அவர் இரண்டாம் முறை தட்டுவார், பணம் சரியாகப் போய்ச் சேரும். நெட் சரியில்லை போல என்று நினைத்துக்கொள்வார். ‘அட்டை விவரம் இரண்டு தடவை கேட்டது’ என்று வாடிக்கையாளர் யாராவது வாட்ஸ்அப்பில் புலம்பினால், தயவுசெய்து அதை நெட்வொர்க் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள்.

பண்டிகைக் காலத்துக் கூத்து தனி. தீபாவளி நெருங்கினால் ‘யாரும் கடையில் கை வைக்கக் கூடாது’ என்று முதலாளி உத்தரவு போடுவார். விற்பனை நேரத்தில் தளம் படுத்துவிடக் கூடாது என்ற பயம், நியாயம்தான். 2025-ல் என்ன ஆயிற்று? செப்டம்பர் 9 அன்று அடோபி அவசரத் திருத்தம் வெளியிட்டது, ‘செஷன்ரீப்பர்’ என்ற ஓட்டைக்கு. வாடிக்கையாளர் கணக்குகளையே கைப்பற்றக்கூடிய ஓட்டை. தீபாவளி அக்டோபர் 20. பெரும் தாக்குதல் தொடங்கியது அக்டோபர் 22. ஆறு வாரம் கழிந்தும் உலகில் 62 சதவீத மஜென்டோ கடைகள் திருத்தம் போடவில்லை என்றது சான்செக். புதிய வசதிகளைப் பண்டிகைக்காக நிறுத்தி வையுங்கள். பாதுகாப்புத் திருத்தத்தையும் சேர்த்து நிறுத்துவது திருடனுக்குக் கொடுக்கும் தீபாவளி இனாம்.

மஜென்டோ 1-ஐ இன்னும் வைத்திருப்பவர்களிடம் பேச எனக்குப் பொறுமையில்லை. 2020 ஜூன் 30-ஓடு ஆதரவு முடிந்தது. அந்தச் செப்டம்பரில் ஒரே வார இறுதியில் ஏறக்குறைய 2,000 கடைகள் அடிபட்டன. மூடுங்கள் அல்லது மாறுங்கள்.

எக்ஸ்டென்ஷன் விஷயத்துக்கு வருவோம். டெலகிராமில் லைசென்ஸ் உடைத்த ‘நல்ட்’ எக்ஸ்டென்ஷன் இலவசமாகக் கிடைக்கிறதென்று இறக்கிப் போடுகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அது தெரிந்தே செய்வது. ஆனால் காசு கொடுத்து முறையாக வாங்கியவர்களும் 2025 ஏப்ரலில் மாட்டினார்கள். விற்பனையாளர்களின் 21 எக்ஸ்டென்ஷன்களில் பின்வாசல் இருந்தது. ஒளிந்திருந்த இடம், லைசென்ஸ் சரிபார்க்கும் கோப்பு. திறந்து பார்க்க யாருக்கும் தோன்றாத கோப்பு அது. வைத்தது 2019-ல். ஆறு வருடம் சும்மா இருந்துவிட்டு அந்த ஏப்ரலில் விழித்தது. கடையில் எத்தனை எக்ஸ்டென்ஷன் இருக்கிறது என்று முதலாளிக்கும் தெரியாது, பாதி கடைகளில் இப்போதைய டெவலப்பருக்கும் தெரியாது. போட்டவர் எப்போதோ வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். அவருடைய அட்மின் லாகின் மட்டும் போயிருக்காது.

டெவலப்பர்களே, எங்கே பார்க்க வேண்டும் தெரியுமா? கோப்புகளை மட்டும் கிட்டோடு ஒப்பிட்டுவிட்டு ‘சுத்தமாக இருக்கிறது’ என்று சொல்லாதீர்கள். நிரல் பெரும்பாலும் டேட்டாபேஸில் ஒளிகிறது. அட்மினில் ‘டிசைன்’ பகுதியில் ஹெட்டுக்கும் புட்டருக்கும் கூடுதல் ஸ்கிரிப்ட் போடும் பெட்டிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றைத் திறந்து பாருங்கள். சிஎம்எஸ் பிளாக் ஒவ்வொன்றையும் பாருங்கள். காஸ்மிக்ஸ்டிங் திருடர்களுக்குப் பிடித்த இடம் அதுதான். கூகுள் டேக் மேனேஜருக்குள் யார் யாருக்கு அனுமதி இருக்கிறது, கிரானில் தெரியாத வரி ஏதும் ஓடுகிறதா, ஏபிஐ இணைப்புகளில் அறியாத பெயர் உண்டா என்று பார்த்தபின் பேசுங்கள். டெப்ளாய் செய்த அன்று அவசரத்துக்கு எடுத்த எஸ்கியூஎல் பேக்கப் பொதுக் கோப்புறையிலேயே கிடக்கிறதா என்றும் பாருங்கள். அதன் பெயரை ஊகித்துத் தட்டிப் பார்ப்பதே சில பாட்களின் முழுநேர வேலை.

மஜென்டோ 2.4.7-ல் இருந்து பணம் செலுத்தும் பக்கங்களில் அனுமதியில்லாத ஸ்கிரிப்ட் ஓடாது. அதைத் தடுக்கும் பாதுகாப்பு விதி அங்கே கட்டாயப் பயன்முறையில் வருகிறது. அருமையான ஏற்பாடு. ஆனால் அப்கிரேட் செய்தவுடன் சாட் விட்ஜெட்டோ விளம்பரப் பிக்ஸலோ வேலை செய்யாது, கன்சோலில் சிவப்பாகக் கொட்டும், மார்க்கெட்டிங் ஆள் கத்துவார். உடனே அந்த விதியை ‘ரிப்போர்ட்-ஒன்லி’க்கு இறக்கிவிடுகிறார்கள். வேண்டிய முகவரிகளை ஒவ்வொன்றாக அனுமதிப் பட்டியலில் சேர்க்க அரை நாள் பிடிக்கும். அந்த அரை நாளைச் செலவழியுங்கள்.

ஏதாவது கண்ணில் பட்டால், பதற்றத்தில் முதலில் அழித்துவிடாதீர்கள். சர்வரை அப்படியே நகல் எடுங்கள், செக்-அவுட்டை மூடுங்கள், கேட்வே நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். எல்லாச் சாவிகளையும் பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிட்டுத்தான் மறுபடி கடை திறக்க வேண்டும். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு போட்ட 2022 ஏப்ரல் உத்தரவுப்படி, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். அதே உத்தரவு லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. இடம் பிடிக்கிறதென்று இரண்டு வாரத்தில் அழியும்படி அமைத்த சர்வர்கள் ஏராளம். உங்களுடையது எத்தனை நாள் வைத்திருக்கிறது என்று ஹோஸ்டிங்காரரிடம் இன்றைக்கே கேளுங்கள்.