பழைய கம்ப்யூட்டரில் சிறு புரோகிராம் ஏற்றும் முறை

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது நம்மில் பலர் புதிய கம்ப்யூட்டர் வாங்கினோம். ஆனால் சில கடைகளில் அதற்கு முந்தைய பற்று வரவு இன்னும் பழைய டாஸ் கம்ப்யூட்டரிலேயே கிடக்கிறது. அதன் ஹார்டு டிஸ்க் ஒருநாள் நின்றுவிட்டால் பழைய நிலுவைக்கு ஆதாரம் இராது. அக்கணக்கைச் சுருக்கிப் பிளாப்பியில் எடுத்து வைக்க 'பிகேசிப்' என்ற சிறு புரோகிராம் உதவும்.

இது 'ஷேர்வேர்' வகையைச் சேர்ந்தது. மண்டியில் அரிசிக்கு மாதிரி கொடுப்பது போன்ற ஏற்பாடு இது. உபயோகித்துப் பார்த்து, பிடித்திருந்தால் பணம் கட்ட வேண்டும். 1982-ல் அமெரிக்காவில் இந்த வழக்கம் தோன்றியது. பில் காட்ஸ் என்பவர் 1989-ல் பிகேசிப்பை வெளியிட்டார். அவர் வகுத்த 'ஜிப்' முறையில் சுருக்கிய கோப்பை இன்றைய விண்டோஸ் கம்ப்யூட்டரும் திறக்கும் என்பதே நமக்கு லாபம்.

இதில் நாங்கள் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறோம். வேறொரு சிறு புரோகிராமை அவசரத்தில் கணக்கு இருந்த டைரக்டரியிலேயே காப்பி செய்தோம். இரண்டிலும் ஒரே பெயரில் ஒரு கோப்பு இருந்தது. புதியது பழையதன் மேல் ஏறிவிட்டது. மறுநாள் பில் போடும் புரோகிராம் திறக்கவில்லை. இரண்டு நாள் கையால் பில் எழுதினோம். 1993-ல் வந்த டாஸ் 6.2-க்கு முந்தைய பதிப்புகள், காப்பி செய்யும்போது "மேலே எழுதட்டுமா?" என்று கேட்பதில்லை. ஆகவே கீழ்க்கண்ட வரிசையை மாற்ற வேண்டாம்.

1. கணக்குக் கோப்புகளில் முக்கியமானவற்றை முதலில் வெற்றுப் பிளாப்பியில் காப்பி செய்து, பிளாப்பியின் மூலையிலுள்ள சிறு தாழ்ப்பாளைத் துவாரம் தெரியும்படி தள்ளி வையுங்கள். பிறகு அதில் எதுவும் எழுத முடியாது.

2. 'எம்.டி.' கட்டளையால் சி டிரைவில் பிகேசிப் என்று தனி டைரக்டரி உண்டாக்குங்கள். கணக்கு டைரக்டரியைத் தொடாதீர்கள்.

3. புரோகிராம் பிளாப்பியில் உள்ளதை அதில் காப்பி செய்யுங்கள். பெரும்பாலும் ஒரே கோப்பாக இருக்கும். அந்த டைரக்டரிக்குள் சென்று அதன் பெயரை அடித்து எண்டர் தட்டினால், உள்ளிருக்கும் கோப்புகள் தாமே பிரிந்து வரும். கூடவே வரும் குறிப்புக் கோப்பில் நிபந்தனைகளைப் படியுங்கள்.

4. 'ஆட்டோஎக்செக்.பேட்' கோப்புக்கு வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அதைத் திறந்து 'பாத்' என்று தொடங்கும் வரியின் முடிவில் ஓர் அரைப்புள்ளியும் புதிய டைரக்டரியின் பெயரும் சேருங்கள். பழைய பெயர்களை அழிக்க வேண்டாம். கம்ப்யூட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டால், எந்த டைரக்டரியில் இருந்தாலும் புரோகிராம் வேலை செய்யும். கோளாறு ஏற்பட்டால் நகலை மீண்டும் பழைய பெயரில் வைத்தால் போதும்.

இனிக் கணக்கைச் சுருக்கலாம். ஒரு பிளாப்பியில் 1.44 மெகாபைட் மட்டுமே அடங்கும். ஆகையால் ஆண்டுக்கு ஒரு பிளாப்பி என்று பிரித்துக்கொள்வது நலம். ஒரே கோப்பைப் பல பிளாப்பிகளில் தொடர்ந்து எழுதவும் இதில் வழியுண்டு. ஆனால் அவற்றில் ஒன்று கெட்டாலும் கணக்கு முழுமையாகத் திரும்பாது.

சுருக்கியதும் 'பிகேஅன்சிப்' கட்டளையோடு சிறு கோடும் 'டி' எழுத்தும் சேர்த்து, கோப்பு பழுதில்லாமல் இருக்கிறதா என்று சோதியுங்கள். பிறகு யு.எஸ்.பி. பிளாப்பி டிரைவ் மூலம் புதிய கம்ப்யூட்டரில் திறந்து பார்த்து, அங்கும் ஒரு பிரதி வையுங்கள். கோப்புகள் அங்கே பத்திரமாக இருக்கும் என்றாலும், பழைய கணக்குப் புரோகிராம் இன்றைய 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. அதற்கு 'டாஸ்பாக்ஸ்' என்ற இலவச புரோகிராம் தேவைப்படும்.

செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து, கம்ப்யூட்டர் பக்கத்திலேயே வையுங்கள். சரக்கு இறக்கும்போது எண்ணிப் பார்த்துத்தானே கையெழுத்துப் போடுகிறோம்? புரோகிராம் ஏற்றும்போதும் அதே நிதானம் இருந்தால் முதலுக்கு மோசம் வராது.