நட்டத்துக்கு ஒரு வரம்பு



நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் சென்ற மாதம் நம்மைக் காண வந்தார். இப்பொழுது செம்பனை ஆலையில் வேலை பார்க்கிறார். கைத்தொலைபேசியிலேயே பங்குகளைக் காலையில் வாங்கி மாலைக்குள் விற்றுவிடுகிறாராம். "விலை இறங்கினாலும் பயமில்லை சார், ஸ்டாப் ஆர்டர் போட்டிருக்கிறேன்" என்றார். போட்ட பணத்தில் ஒரு பகுதி, தங்கையின் படிப்புக்காகத் தகப்பனார் சேர்த்து வைத்தது. அவருடைய தைரியம் சரிதானா என்பதை இன்று ஆராய்வோம்.

ஸ்டாப் ஆர்டர் என்பது பங்குத் தரகருக்கு நாம் முன்கூட்டியே கொடுத்து வைக்கும் உத்தரவு. ஒரு பங்கை 2 வெள்ளி வீதம் 1,000 பங்குகள் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் 2,000 வெள்ளி. "விலை 1 வெள்ளி 90 காசுக்கு இறங்கினால் விற்றுவிடு" என்று சொல்லி வைக்கிறோம். நாம் வேலையில் இருந்தாலும் உத்தரவு காத்திருக்கும். அந்த விலையிலேயே விற்றுப் போனால் நட்டம் 100 வெள்ளியோடு நின்றுவிடும்.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். 1 வெள்ளி 90 காசு என்பது விற்பனையைத் தொடங்கி வைக்கும் விலையே தவிர, நமக்குக் கிடைக்கும் விலை அன்று. விலை அங்கே வந்ததும், "கிடைத்த விலைக்கு விற்றுவிடு" என்று உத்தரவு மாறிவிடுகிறது. நம் நாட்டுப் பங்குச் சந்தை நண்பகல் 12.30க்கு மூடி, 2.30க்குத்தான் மீண்டும் வாணிபத்தைத் தொடங்குகிறது. அந்த இடைவேளையில் நிறுவனத்தைப் பற்றிக் கெட்ட செய்தி வந்தால், விலை நேரே 1 வெள்ளி 70 காசில் திறக்கக்கூடும். அப்பொழுது நட்டம் 100 அன்று, 300 வெள்ளி.

இது வெறும் கற்பனையன்று. 2010ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் அமெரிக்கப் பங்குச் சந்தையில் டோ ஜோன்ஸ் குறியீடு ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 1,000 புள்ளிகள் இறங்கி, சில நிமிடங்களிலேயே பெரும்பகுதி மீண்டுவிட்டது. அந்த நிமிடங்களில் வாங்க ஆளில்லாமல் சில பங்குகள் ஒரு சென்ட்டுக்குக்கூட விற்கப்பட்டன. பாதுகாப்பு என்று நம்பிப் போட்ட ஸ்டாப் ஆர்டர்கள் பல, அடிமட்ட விலையில் பங்குகளை விற்றுத் தள்ளின. மிக மோசமான விற்பனைகள் பின்னர் ரத்து செய்யப்பட்டன; மற்றவை அப்படியே நின்றன. நியூயார்க் பங்குச் சந்தை 2016 பிப்ரவரியில் ஸ்டாப் ஆர்டர்களை ஏற்பதையே நிறுத்திக்கொண்டது. தரகர்கள் தங்கள் ஏற்பாட்டில் அவ்வசதியைத் தொடர்ந்து அளித்து வந்தார்கள்.

ஸ்டாப் லிமிட் என்று இன்னொரு வகை உண்டு. "1 வெள்ளி 90 காசுக்கு வந்தால் விற்கலாம், ஆனால் 1 வெள்ளி 85 காசுக்குக் கீழே விற்காதே" என்பது அதன் பொருள். அடிமாட்டு விலைக்குப் போகாது. ஆனால் விற்காமலே போகலாம். விலை மேலும் இறங்கினால் பங்கு நம் கையிலேயே தங்கிவிடும். இரண்டில் எது வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும். எல்லாத் தரகரிடமும் இவ்வசதி ஒரே மாதிரி இராது, கேட்டறிவது நலம்.

இனி, நினைவில் வைக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, நட்டக் கணக்கை வாங்குவதற்கு முன்பே போட வேண்டும். 50 வெள்ளிதான் தாங்குவோம், 10 காசு இறக்கத்தில் நிறுத்துவோம் என்றால், 500 பங்குகளுக்கு மேல் வாங்கக்கூடாது.

இரண்டாவது, ஸ்டாப் விலையை மிக அருகில் வைக்கக்கூடாது. ஓரிரு காசு ஏறுவதும் இறங்குவதும் அன்றாடம் நடப்பது. ஒவ்வொரு முறையும் விற்றுப் போனால் தரகுக் கூலியும் முத்திரை வரியுமே முதலைத் தின்றுவிடும்.

மூன்றாவது, விலை இறங்க இறங்க, "இதோ ஏறிவிடும்" என்று ஸ்டாப் விலையையும் கீழே இறக்கிக்கொண்டு போகக்கூடாது. வேலியை நாமே பிடுங்கிவிட்டு மாட்டைக் குறை சொல்வதா?

இவ்வளவையும் கடைப்பிடித்தாலும் லாபம் நிச்சயமில்லை. தைவானில் 1992 முதல் 2006 வரையிலான நாள் வாணிபத்தை ஆராய்ந்தவர்கள், செலவு போகத் தொடர்ந்து லாபம் காணும் திறமை உடையவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்று கண்டார்கள். ஸ்டாப் ஆர்டர் ஒரு நாள் நட்டத்தைக் குறைக்கலாம். நாள்தோறும் சிறுகச் சிறுகக் கரைவதைத் தடுக்காது.

இதையெல்லாம் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் கணக்காக எழுதி அந்த மாணவரிடம் காட்டினோம். தங்கையின் பணத்தை மறுநாளே எடுத்து வங்கியில் போட்டுவிட்டதாகப் பிறகு சொன்னார். மீதி அவருடைய சொந்தப் பணம். அதை இழந்தாலும் வீட்டில் அடுப்பு எரியும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இதில் இறங்கியிருந்தால் கோபிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்று எவ்வளவு போனால் நிறுத்துவாய்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் உடனே வரவில்லையென்றால், அன்று வாங்காமல் இருப்பதே நல்லது.