மரத்தை வெட்டும் முன் வெயிலை அளந்து பாருங்கள்

‘வீட்டுக்குப் பின்னால் பெரிய வேம்பு நிற்கிறது. அதன் நிழலில் மூன்று முறை கத்தரியும் மிளகாயும் வைத்துவிட்டேன். செடி நெட்டையாகப் போகிறது; காயே இல்லை. மரத்தை வெட்டிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். வேறு வழி உண்டா?’ என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

உண்டு. செடியை மாற்றுங்கள். கத்தரி, மிளகாய், தக்காளி போன்ற காய்க்கும் செடிகளுக்குத் தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். இலைக்கும் கிழங்குக்கும் வளர்க்கும் பயிர்கள் பலவற்றுக்கு மூன்று, நான்கு மணி நேரமே போதும்.

காலை 7 மணி முதல் மாலை 5 மணி வரை, மணிக்கொரு தடவை போய்ப் பார்த்து, அந்த இடத்தில் வெயிலா நிழலா என்று குறித்து வையுங்கள். ஆனியில் ஒரு நாள், மார்கழியில் ஒரு நாள் பார்க்க வேண்டும். ஆனியில் சூரியன் வடக்கே சாய்வதால் வீட்டின் வடபுறச் சுவரோரம் வெயில் விழும். மார்கழியில் அதே இடம் முழு நிழலாகிவிடும்.

மூன்று மணி நேர வெயில் இருந்தால் மஞ்சள், இஞ்சி வைக்கலாம். வைகாசியில் ஊன்றினால் தை, மாசியில் எடுக்கலாம். சேனைக்கிழங்கு தென்னந்தோப்பு நிழலிலேயே விளைவதுதானே! பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்துக்குச் சேம்பு. அதைவிட வெயில் குறைந்தால் வல்லாரை, புதினா, பொன்னாங்கண்ணி, கற்பூரவல்லி. அகத்தி நிழலில் வளர்ந்து பழகிய வெற்றிலைக்கொடியையும் வேம்பிலேயே ஏற்றிவிடலாம்.

வேம்படியில் நிழலைவிடப் பெரிய தொல்லை வேர். பாத்திக்குப் போடும் உரத்தையும் தண்ணீரையும் அதுவே இழுத்துக்கொள்ளும். அதனால் பையிலோ, அடியில் ஓட்டை போட்ட பழைய குடத்திலோ வையுங்கள். அதையும் செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டை வழியாக வேர் உள்ளே ஏறிவிடும். செம்மண்ணும் மட்கிய தொழுவுரமும் சம அளவு போதும்.

நிழலில் மண் சீக்கிரம் காயாது. விரலை விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். இஞ்சி அழுகுவது பெரும்பாலும் தண்ணீர் தேங்கித்தான். மாசி, பங்குனியில் வேம்பு இலை கொட்டும்போது திடீரென வெயில் இறங்கும். வல்லாரை, புதினாப் பைகளை அப்போது சுவரோரம் நகர்த்திவிடுங்கள்.

வெயிலே எட்டாத திண்ணைக்கு மருள் நல்லது. இலையில் வெள்ளைத் திட்டு போட்ட டிஃபன்பேக்கியாவை அழகுக்காக வாங்குகிறார்கள். குழந்தையோ ஆடோ கடித்தால் வாய் எரிந்து நாக்கு வீங்கும். எட்டாத இடம் இல்லையென்றால் அது வேண்டாம்.

மிளகாய்க்கு வாசல் பக்கம் வெயில் விழும் இடத்தில் நான்கு பை வைத்தால், வீட்டுச் செலவுக்குக் காணும்.