பொது வகுத்தி உடைத்த பூட்டுகள்

இணையத்தில் பரவலாகப் புழங்கும் ஆர்எஸ்ஏ குறியாக்கம் ஒரே நம்பிக்கையில் நிற்கிறது: இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்குத்தொகையிலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். கடினம் என்பதில் ஐயமில்லை. 2020இல் 250 இலக்க எண் ஒன்றை ஓர் ஆய்வுக் குழு பிரித்தது. ஒரே பிராசஸர் கோர் தனியாகச் செய்தால் சுமார் 2,700 ஆண்டு பிடிக்கும் வேலை அது. அக்குழுவில் இருந்த நாடியா ஹெனிங்கரின் பணிகளில் அதைவிட முக்கியமானதாக நான் கருதுவது, 2012இல் அவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஹால்டர்மேன் முதலானோருடன் வெளியிட்ட ஆய்வைத்தான். குறியாக்கத்தின் வலிமையைத் தாளில் கணக்கிட்டால் போதாது, புழக்கத்தில் உள்ள கருவிகளில் அளந்து பார்க்க வேண்டும் என்று அது காட்டியது.

அந்தக் குழு இணையத்தின் ஐபிவி4 முகவரிகள் முழுவதையும் ஸ்கேன் செய்து, சர்வர்கள் கேட்போருக்கெல்லாம் தரும் பொதுச் சாவிகளை, அதாவது அத்தகைய பெருக்குத்தொகைகளை, திரட்டியது. எந்தச் சாவியையும் நேரடியாகப் பிரிக்க முயலவில்லை. சாவிகளுக்கிடையே மீப்பெரு பொது வகுத்தி கண்டது, அவ்வளவே. பள்ளியில் சொல்லித்தரும் யூக்ளிடின் முறை, கோடிக்கணக்கான சோடிகளுக்கு ஏற்ப விரைவாக்கப்பட்டிருந்தது. இரண்டு சாவிகளுக்கு ஒரு பகா எண் பொதுவாக இருந்தால் இரண்டுமே அந்தக் கணத்தில் உடைந்துவிடும். அப்படி, இணையத் தொடர்பைக் குறியாக்கும் டிஎல்எஸ் சர்வர்களில் 0.5 சதவீதத்தின் ரகசியமான தனிச் சாவிகள் சிக்கின. அதே ஆண்டில் லென்ஸ்ட்ரா என்ற ஆய்வாளரின் குழுவும் தனியாக இதே குறையைக் கண்டது. காரணம் கணிதத்தில் இல்லை. ரவுட்டர், ஃபயர்வால் போன்ற கருவிகளுக்கு விசைப்பலகையோ மவுஸோ கிடையாது. முதன்முறை இயக்கியதும், தற்செயல் எண்ணுக்கு வேண்டிய ஒழுங்கின்மை எதுவும் சேராத நிலையிலேயே அவை சாவியை உருவாக்கிவிடுகின்றன. ஒரே மாடலைச் சேர்ந்த இரண்டு கருவிகள் ஒரே பகா எண்ணைத் தேர்கின்றன. அதற்குள் கடிகாரம் ஒரு நொடி நகர்ந்தால் இரண்டாவது எண் மட்டும் மாறுகிறது. உடைவதற்கு அந்த ஒரு வேறுபாடு போதும்.

இப்படி உலகம் முழுவதையும் துழாவி வெளியிடுவது திருடருக்கு வழிகாட்டாதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் திரட்டியவை யாவும் பொதுச் சாவிகள். கணக்கோ சில மணி நேர வேலை. தீய நோக்கமுள்ளவர் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆய்வாளர்களோ தயாரிப்பு நிறுவனங்களுக்குத் தகவல் தந்தார்கள். லினக்ஸ் கெர்னலும் திருத்தப்பட்டது. பாதிக்கப்பட்டவை பெரும்பாலும் சிறு கருவிகள்தானே, பெரிய வணிகத் தளங்கள் தப்பிவிட்டனவே என்பது இன்னொரு வாதம். தப்பியது உண்மை. ஆனால் ஃபயர்வால் என்பது ஓர் அலுவலகத்தின் வலையமைப்பு முழுவதற்கும் வாயில். அதன் சாவி பிறர் கையில் இருந்தால் உள்ளே இருப்பவை எப்படிப் பத்திரமாக இருக்கும்?

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது பின்னால் நடந்தது. 2016இல் ஹெனிங்கரும் சக ஆய்வாளர்களும் 8.1 கோடி சாவிகளை மீண்டும் சோதித்தபோது 3,13,000க்கு மேல் உடைந்தன. பல நிறுவனங்கள் திருத்தமே வெளியிட்டதாகத் தெரியவில்லை. சில, 2014 அளவில்கூட இதே குறையுடன் புதிய கருவிகளைக் கொண்டுவந்திருந்தன. ஆகவே எச்சரித்துவிட்டு நகர்வது போதாது. மொத்தமாகக் கருவி வாங்கும் அரசுத் துறைகளும் வங்கிகளும், ஒரே மாடலில் பலவற்றை முதன்முறை இயக்கி, அவை உருவாக்கும் சாவிகளுக்குப் பொது வகுத்தி பார்த்த பிறகே பணம் தர வேண்டும்.