அடிக்கடி நழுவும் கியர்! திருகாணியைத் தொடுமுன் காரணத்தைத் தேடுங்கள்

கெடிலம் ஆற்றங்கரையில் உள்ள ஊர் திருவதிகை. பண்ருட்டியை ஒட்டி இருக்கிறது. சிவபெருமான் முப்புரங்களை எரித்த தலம் என்று புகழ் பெற்றது.

அந்தப் போருக்குச் சிவபெருமான் தேர் ஏறிப் புறப்பட்டார். விநாயகரை நினைக்காமல் புறப்பட்டதால், வழியிலேயே தேரின் அச்சு முறிந்துவிட்டது என்பது புராணக் கதை. அச்சு முறிந்த இடம்தான் அச்சிறுபாக்கம் என்று சொல்வார்கள்.

அச்சு முறிந்த தேரில் குதிரையை அடித்து என்ன பயன்? முதலில் அச்சை அல்லவா பார்க்க வேண்டும்!

கியர் சைக்கிளுக்கும் இது பொருந்தும். கோளாறு ஓர் இடத்தில் இருக்க, வேறோர் இடத்தில் திருகிக்கொண்டே இருக்கிறோம்.

2 நாள் சுகம்

திருவதிகை சமவெளி. அதற்குத் தெற்கே உள்ள நெய்வேலியும் அப்படித்தான். அங்கே 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதையொட்டி அகலமான சாலைகளும் மர நிழலும் உள்ள நகரியம் எழுந்தது. சைக்கிள் ஓட்ட அருமையான இடம்.

பிள்ளைகள் ஆசைப்படுவதோ கியர் சைக்கிளுக்கு! அப்பா பணம் சேர்த்து வாங்கிக் கொடுக்கிறார். சில மாதம் நன்றாக ஓடுகிறது. பிறகு வருகிறது தொல்லை.

"அப்பா! 3-வது கியரில் போட்டால் தானாக 4-க்கு ஓடுது!"

கடைக்குப் போகிறார்கள். எதையோ திருகித் தருகிறார்கள். 2 நாள் சரியாக இருக்கிறது. மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி!

இது வெறும் சத்தத் தொல்லை அல்ல. சாலையைக் கடக்க எழுந்து மிதிக்கும்போது சங்கிலி நழுவினால், கால் வழுக்கிக் கீழே விழ நேரிடும். பின்னால் பஸ் வந்தால் என்ன ஆவது? ஆகவே இதை அலட்சியம் செய்யக்கூடாது.

கியர் எப்படி மாறுகிறது?

பின்சக்கரத்தில் சிறிதும் பெரிதுமாக 6 அல்லது 7 பல்சக்கரங்கள் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றின் கீழே ஒரு கை தொங்கும். அதில் 2 சிறிய உருளைகள் இருக்கும். இந்தக் கைதான் சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளுகிறது.

ஹேண்டில்பாரில் உள்ள விசையைத் திருப்பினால் கியர் ஒயர் இழுபடும். சங்கிலி பெரிய சக்கரத்துக்கு ஏறும். ஒயரை விட்டால், கையில் உள்ள ஸ்பிரிங் சங்கிலியைச் சிறிய சக்கரத்துக்கு இறக்கும். ஒயர் ஒரு பக்கம், ஸ்பிரிங் மறுபக்கம். கயிறு இழுக்கும் போட்டி போன்றதுதான்!

பிரான்சு நாட்டில் நடக்கும் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயம் 1903-ல் தொடங்கியது. அதில் இத்தகைய கியரை எல்லா வீரர்களும் பயன்படுத்த 1937-ல்தான் அனுமதி கிடைத்தது.

அந்தக் காலக் கியரில் 'கிளிக்' சத்தம் கிடையாது. ஓட்டுகிறவர் விசையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார். சங்கிலி சரியாக உட்காராவிட்டால் இன்னும் சிறிது நகர்த்திக்கொள்வார். கைப்பழக்கம் குறையைச் சரிக்கட்டியது.

1980-களின் நடுவில் ஜப்பானின் ஷிமானோ கம்பெனி 'கிளிக்' கியரைப் பரப்பியது. ஒரு கிளிக்குக்கு ஒரு கியர். ஓட்டுவது எளிதாயிற்று. ஆனால், குறையைக் கை சரிக்கட்டுவது நின்றுபோயிற்று.

7 சக்கரக் கியரில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். அந்தத் தூரத்துக்குச் சங்கிலியை நகர்த்த, ஒயர் 3 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் நகர்கிறது. ஒயரில் 1 மில்லிமீட்டர் தளர்ச்சி ஏற்பட்டால், மூன்றில் ஒரு பங்கு தவறிவிட்டது என்று பொருள்!

2 வகை நோய்

தலைவலியும் வயிற்றுவலியும் ஒன்றல்ல. கியர் நழுவுவதிலும் 2 வகை உண்டு.

முதல் வகை: சங்கிலி ஒரு பல்சக்கரத்தை விட்டு வேறு பல்சக்கரத்துக்குத் தாவுகிறது.

இரண்டாம் வகை: சங்கிலி அதே பல்சக்கரத்தில்தான் இருக்கிறது. ஆனால், அழுத்தி மிதித்தால் பற்களின் மேல் 'கடக்' என்று குதிக்கிறது.

இரண்டாவது வகை பெரும்பாலும் தேய்மானத்தால் வருவது. எத்தனை திருகினாலும் தீராது. இதைக் கண்டுபிடிக்கப் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று போதும்.

சங்கிலியின் ஓர் ஊசியின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வையுங்கள். 12 அங்குலக் கோட்டில் இன்னோர் ஊசியின் நடு சரியாக நிற்க வேண்டும். அது கோட்டைத் தாண்டி அங்குலத்தில் 16-ல் ஒரு பங்கு போயிருந்தால், சங்கிலியை மாற்ற வேண்டும். 8-ல் ஒரு பங்கு போயிருந்தால், பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். அவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். தேய்ந்த பல்லில் புதுச் சங்கிலி நிற்காது.

காலத்தில் சங்கிலியை மாற்றினால் பல்சக்கரத்தின் செலவு மிச்சம்!

தானாகத் தாவுவது ஏன்?

முதல் வகைக்குக் காரணங்கள் வருமாறு:-

(1) ஒயர் தளர்ச்சி. பெரிய சக்கரத்துக்கு ஏற மறுக்கும். ஏறினாலும் சிறிய சக்கரத்துக்கு இறங்கிவிடும். புது ஒயர் போட்ட சில நாட்களில் இது சகஜம். ஒயரின் உறை அமுங்கி இடத்தில் உட்காருகிறது. ஒரு முறை சரிசெய்தால் போதும். அதற்குப் பிறகும் தளர்ந்தால், ஒயரைப் பிடித்திருக்கும் போல்ட்டைப் பாருங்கள். அது இறுகப் பிடிக்காமல் ஒயர் நழுவிக்கொண்டிருக்கலாம்.

(2) உறைக்குள் துரு. பெரிய சக்கரத்துக்கு ஏறிவிடும். சிறியதற்கு இறங்கத் தயங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த சைக்கிளுக்கு இது வரும். செம்மண் புழுதியும் உள்ளே சேரும். ஒயரையும் உறையையும் மாற்றுவதே நல்லது.

(3) வளைந்த காது. கியரின் கை, சைக்கிள் சட்டத்தில் காது போன்ற ஒரு சிறு தகட்டில் மாட்டப்பட்டிருக்கும். சைக்கிள் வலப்பக்கம் விழுந்தால், இந்தக் காது உள்பக்கம் வளைந்துவிடும்.

'திருகியும் 2 நாளில் கெடுகிறது' என்ற புகாரில் பலரும் பார்க்கத் தவறுவது இந்த மூன்றாவது காரணத்தைத்தான். காது வளைந்தால், சிறிய சக்கரங்களுக்குச் சரிசெய்தால் பெரியவை கெடும். பெரியவற்றுக்குச் சரிசெய்தால் சிறியவை கெடும். திருகுகிறவருக்கும் ஓட்டுகிறவருக்கும் பைத்தியம் பிடிக்கும்!

கண்டுபிடிப்பது சுலபம். சைக்கிளை நேராக நிறுத்தச் சொல்லிவிட்டு, பின்னால் குனிந்து பாருங்கள். கியர் கையின் 2 உருளைகளும் பல்சக்கரத்தோடு ஒரே நேர்க்கோட்டில் தொங்க வேண்டும். கீழ் உருளை சக்கரத்தின் பக்கம் சாய்ந்திருந்தால் காது வளைந்திருக்கிறது. சுத்தியலால் தட்ட வேண்டாம். முறிந்துவிடும். அதை நிமிர்த்தும் கருவி உள்ள கடைக்குக் கொண்டு போங்கள்.

சில சைக்கிள்களில் இந்தத் தகடு பின்சக்கரத்து நட்டோடு சேர்ந்து இருக்கும். பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது அது இடம் மாறிவிடுவது உண்டு. பஞ்சர் ஒட்டிய பிறகு கியர் கெட்டால் அங்கே பாருங்கள்.

வேலியைத் தொடாதீர்கள்!

கியர் கையில் 2 சிறு திருகாணிகள் இருக்கும். பக்கத்தில் 'எச்', 'எல்' என்ற ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். கண்ணில் முதலில் படுபவை இவைதான். கையில் ஸ்குரு டிரைவர் கிடைத்தவர்கள் இவற்றைத்தான் திருகுவார்கள்.

இவை வேலி போன்றவை. சங்கிலி இரு ஓரங்களிலும் வெளியே விழாமல் தடுப்பது மட்டுமே இவற்றின் வேலை. நடுவில் உள்ள கியர்களுக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. 'எல்' திருகாணியை அதிகம் தளர்த்தினால், சங்கிலி உள்பக்கம் விழும். கியர் கை ஸ்போக்ஸ் கம்பிகளில் சிக்கும். ஓடும் சக்கரம் அப்படியே நின்றுவிடும். பேராபத்து!

வீட்டிலேயே சரிசெய்யலாம்

சங்கிலி தேயவில்லை, காது வளையவில்லை, ஒயர் தாராளமாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகே திருக வேண்டும்.

ஒருவர் சீட்டைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தூக்கட்டும். மற்றவர் பெடலைக் கையால் சுற்றட்டும். விரல், பாவாடை நுனி, துப்பட்டா எதுவும் சங்கிலியின் அருகே போகக்கூடாது.

முதலில் சங்கிலியை மிகச் சிறிய பல்சக்கரத்தில் விடுங்கள். பிறகு ஒரே ஒரு கிளிக். அடுத்த சக்கரத்துக்கு உடனே ஏற வேண்டும். ஏறவில்லையா? ஒயர் கியருக்குள் நுழையும் இடத்தில், விரலால் திருகக்கூடிய பீப்பாய் போன்ற மரை இருக்கும். அதைக் கழற்றுவதுபோல் அரைச் சுற்று வெளியே திருகுங்கள். ஒயர் இறுகும். மறுபடி பாருங்கள். ஒரே கிளிக்கில் 2 சக்கரம் தாவினால் அல்லது உரசினால், கால் சுற்று உள்ளே திருகுங்கள். இப்படியே ஒவ்வொரு கியராக ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். அவசரம் கூடாது.

சங்கிலிக்குச் சைக்கிள் எண்ணெய் சில சொட்டு போதும். விட்ட பிறகு துணியால் துடைத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது பிசுக்குப் பிடித்து மண்ணை இழுக்கும்.

கியர் மாற்றும்போது மெதுவாக மிதிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பாலத்தின் ஏற்றத்தில் பாதி ஏறிய பிறகு மாற்றக்கூடாது. ஏறுமுன்பே மாற்ற வேண்டும்.

எல்லோருக்கும் கியர் வேண்டுமா?

மேடு பள்ளம் உள்ள ஊரில் கியர் பெரிய உதவி. எதிர்க்காற்றிலும் உதவும். ஆனால், சமவெளியில் பள்ளிக்கூடம் போய்வரக் கியர் இல்லாத சைக்கிளே போதும். கெட்டுப்போகும் பாகங்கள் அதில் குறைவு. வாங்குமுன் யோசிப்பதும் ஒரு வகைப் பழுதுபார்ப்புதான்!

கியர் சைக்கிள் வாங்கியாகிவிட்டதா? கடைக்குக் கொண்டு போகும்போது, "கியரைச் சரிபண்ணுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "3-வது கியர் 4-க்கு ஓடுகிறது. போன வாரம் சைக்கிள் வலப்பக்கம் விழுந்தது" என்று சொல்லுங்கள். வைத்தியரிடம் நோயை விவரமாகச் சொன்னால்தானே சரியான மருந்து கிடைக்கும்?