தரங்கம்பாடிக்கு எந்த மாதம் போவது?

மத்தியதரைக் கடலோரத்துப் புராதன நகரங்களைச் சினிமாப் பாட்டுக் காட்சிகளிலும், வெளிநாட்டில் வேலை பார்க்கும் உறவுப் பிள்ளைகள் கைப்பேசியில் அனுப்பும் படங்களிலும் கண்டு, அந்தக் கோட்டைச் சுவரும் நீலக் கடலும் நமக்கும் ஒரு தரம் வாய்க்காதா என்று ஏங்குகிறவர்கள், சூலக்கரை மேட்டில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் கூட்டத்திலும் உண்டு. ஆசை குற்றமன்று. ஆனால் வெனிஸ் நகரமோ, ஜனநெருக்கம் தாளாமல், காலையில் வந்து மாலையில் திரும்பும் பிரயாணிகளிடம் நெரிசலான நாட்களில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கும் ஏற்பாட்டை 2024-ஆம் ஆண்டில் தொடங்கிவிட்டது. விசாவுக்கும் விமானத்துக்கும் ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்தால், தீபாவளி போனஸ் பட்டுவாடா ஆன மறுவாரத்தில்கூட அந்தப் பக்கம் நம்மால் தலைவைத்துப் படுக்க இயலாது. ஐரோப்பியர் கட்டிய கோட்டையும், மதில் வாசலும், முந்நூறு ஆண்டு கண்ட தேவாலயங்களும், அவற்றுக்கு மூத்ததாகிய ஒரு பாண்டியர் காலச் சிவாலயமும், இவ்வளவுக்கும் எதிரே இடைவிடாமல் மோதும் கடலும் நடந்து பார்க்கும் தூரத்துக்குள் அமைந்த ஊர் நம் ராஜ்யத்திலேயே இருக்கும்போது, முதலில் அதைப் பார்த்துவிடுவது உசிதம் என்பது என் அபிப்பிராயம். அந்த ஊர் மயிலாடுதுறை ஜில்லாவிலுள்ள தரங்கம்பாடி.

போவதென்று தீர்மானித்தபின் எழும் கேள்வி, எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது என்பதல்ல. எப்போது போவது என்பதே. இக்கேள்வி மற்ற ஜில்லாக்காரர்களுக்கு எளிது, நமக்குச் சிக்கல். விருதுநகர் ஜில்லாவுக்குக் கடல் கிடையாது. மழையும் சொற்பம், காற்றில் ஈரமும் சொற்பம் என்ற காரணத்தாலேயே, கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-ஆம் ஆண்டையொட்டி ஊன்றிய விதை இந்த மண்ணில் பிழைத்து, தீப்பெட்டியாகவும் பட்டாசாகவும் அச்சுத் தொழிலாகவும் கிளைத்தது. அப்படிக் கிளைத்த தொழில்தான் இன்று நம்முடைய ஓய்வு நாட்களையும் நிர்ணயிக்கிறது. ஆடிப் பதினெட்டன்று பூஜை போட்டு வியாபாரத்தைத் தொடங்கி, ஆவணியும் புரட்டாசியும் லாரி லாரியாகச் சரக்கை ஏற்றிவிட்டு, தீபாவளிக்கு முந்தைய நாட்களில் நிமிர்ந்து பார்க்கவும் அவகாசமின்றி உழைத்து, கணக்கு முடித்து, ஆலைக் கதவைச் சாத்தியபின்தான் இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒருசேரச் சில வாரங்கள் ஓய்வு வாய்க்கிறது. அந்த வாரங்களோ ஐப்பசிக் கடைசியும் கார்த்திகையும்.

சோழ மண்டலக் கரையில் கார்த்திகை என்றால் என்ன என்பது கரிசல்காட்டுக்காரருக்குச் சட்டென்று விளங்காது. வடகிழக்குப் பருவமழை முழு உக்கிரத்தோடு இறங்குகிற காலம் அது. 2008 நவம்பரில் நிஷா புயல் கரையேறியது தரங்கம்பாடியை அடுத்த காரைக்காலின் அருகே. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யத்துப் பக்கம் புகுந்து டெல்டாவைப் புரட்டிப் போட்டதை இன்னும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கையில் பணமும் இருந்து, ஆலையும் மூடியிருக்கிறதே என்று அந்த மாதத்தில் வேன் பிடித்துப் போனால், ஜன்னலைச் சாத்திக்கொண்டு விடுதியறையில் மழைச் சத்தம் கேட்டுத் திரும்பும் பாக்கியமே பெரும்பாலும் கிட்டும். மத்தியதரைக் கடற்கரைக்கும் மழை குளிர்காலத்தில்தான். ஆயினும் அங்கே ஜனங்களின் விடுமுறை வறண்ட கோடையில் வருவதால் கடலும் ஓய்வும் ஒன்றுக்கொன்று இணங்கிப் போகின்றன. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கோடை விடுமுறையில் போகலாமென்றால் சித்திரை வெயில் அந்தக் கரையில் வியர்வையோடு சேர்ந்து வாட்டும். பங்குனியிலோ விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பொங்கல், வெளியூரில் இருப்பவர்களையே வீட்டுக்கு அழைக்கிற காலமாதலால், வீட்டை விட்டுக் கிளம்புவது நடவாது. மிஞ்சுவது தைப் பொங்கல் கழிந்த நாளிலிருந்து மாசி முடிய உள்ள காலம். மழை ஓய்ந்து, வயல் பச்சை மாறாமல், வெயில் முதிராமல் இருக்கும் அப்பருவமே உத்தமம். ஆகவே போனஸ் பணத்தில் ஒரு பங்கை மாதச் சீட்டுக்குக் கட்டுவதுபோல் தனியே எடுத்து வைத்து, ஆலை திறந்தபின் தை மாதத்தில் இரண்டு நாள் லீவு சொல்லிப் போவதே புத்திசாலித்தனம். லீவு கிடைப்பது கஷ்டம்தான், கேட்காமல் கிடைக்காது.

நம் பக்கத்துக் குடும்பங்கள் பலவும் அந்த ஊரின் வாசல்வரை ஏற்கெனவே போய்த்தான் இருக்கின்றன. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்றால் திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் சந்நிதியல்லவா? அப்பாவின் ஜன்ம நட்சத்திரம் பார்த்து, சொந்தபந்தங்களை வேனில் ஏற்றி, புளியோதரையும் கட்டிக்கொண்டு போய், ஹோமமும் மாலை மாற்றலும் முடிந்த கையோடு வைத்தீசுவரன் கோயில், வேளாங்கண்ணி என்று ஓடித் திரும்புவது வழக்கமான திட்டம். திருக்கடையூரிலிருந்து தரங்கம்பாடி பத்து கிலோமீட்டருக்குள். வழியில் பலகையைப் பார்த்து யாராவது சிறுவன் கோட்டை பார்க்க வேண்டுமென்று அடம்பிடித்தால், “கோட்டைதானே அண்ணாச்சி, அரை மணி போதும்ல?” என்று டிரைவர் கேட்பார், அண்ணாச்சியும் தலையாட்டுவார். அந்த அரை மணி நேரத்தில் மதிலருகே நின்று படம் எடுத்துக்கொள்ளலாம், வேறொன்றும் ஆகாது.

வேன் இல்லாதவர்களுக்கு ரயில் உண்டு. செங்கோட்டையிலிருந்து சிவகாசி, விருதுநகர், மதுரை, திருச்சி, தஞ்சாவூர் வழியாக மயிலாடுதுறை செல்லும் விரைவு வண்டியில் காலையில் ஏறினால் மாலைக்குள் காவிரிக் கரையில் இறங்கலாம். அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துப் பிரயாணம். முன்காலத்தில் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிவரை தண்டவாளம் இருந்தது. 1980-களில் அதை மூடிவிட்டார்கள்.

ஊருக்குள் நுழையும்போதே வெள்ளையடித்த மதில் வாசல் ஒன்று எதிர்ப்படும். டேனிஷ்காரர் 1792-இல் புதுப்பித்துக் கட்டிய வாசல் அது. அதைக் கடந்தால் ராஜ வீதி, நேராகக் கடலை நோக்கி ஓடுகிறது. வேனை வெளியிலேயே நிறுத்திவிட்டு அந்த வீதியில் நடந்து போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். ஏனெனில், ஒரு பக்கம் 1701-இல் பிரதிஷ்டையான சீயோன் ஆலயமும், மறுபக்கம் 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும், தூண் வைத்த தாழ்வாரங்களோடு கூடிய பழைய மாளிகைகளும், வீதியின் முடிவில் மணல்வெளியும் அதன் ஓரத்தில் டேன்ஸ்பர்க் கோட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும் அந்தக் கிரமம் காலால் நடந்தவர்க்கே புலப்படும்.

கோட்டையின் கதை 1620-இல் தொடங்குகிறது. மிளகு வாங்கும் நோக்கத்தோடு டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் அனுப்பிய ஓவே கெட்டே என்ற கப்பற்படைத் தளபதி, தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு இக்கரையில் கோட்டை எழுப்பும் உரிமை பெற்றார். நாயக்கர் டேனிஷ் அரசருக்குப் பொன்னேட்டில் தமிழில் எழுதுவித்த கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இவ்வளவு ஆடம்பரமாகத் தொடங்கிய உறவு பின்னர் அடைந்த கதி விசித்திரமானது. ஐரோப்பாவில் யுத்தமும் கடனும் சூழ்ந்துகொள்ள, தரங்கம்பாடிக்குக் கப்பல் அனுப்புவதையே டென்மார்க் மறந்துவிட்டது. 1643-க்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேலாக ஒரு கப்பலும் வரவில்லை. அதிகாரிகள் ஒவ்வொருவராக மாண்டும் போயும் தீர்ந்தபின், கொங்ஸ்பாக்கே என்ற டேனியர் தலைமையில் எஞ்சியவர்கள் கோட்டையை விட்டுக் கொடுக்காமல் காத்து, ஊரைச் சுற்றி மதிலும் கட்டிக்கொண்டார்கள். 1669-இல்தான் அடுத்த கப்பல் வந்து சேர்ந்தது. கோட்டை மாடியில் நின்று வெறுங்கடலைப் பார்க்கிறவர்கள் இதை அறிந்து பார்த்தால் அந்தக் கடல் வேறு விதமாகத் தெரியும். கடைசியில், 1845-இல், வங்காளத்துச் சிராம்பூரோடு சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு இவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு டேனியர் விடைபெற்றார்கள்.

சிவகாசிப் பக்கத்தவர் தரங்கம்பாடியில் தனியாக நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டியது அச்சின் கதை. தமிழ் எழுத்து முதன்முதல் அச்சேறியது 1578-இல், கொல்லத்தில், போர்த்துகீசியர் காலத்தில். அந்தப் பெருமையைத் தரங்கம்பாடிக்குக் கொடுப்பது தவறு. ஆனால் அந்த முயற்சி மங்கிப்போன பின், இந்த மண்ணில் அச்சுத் தொழில் வேர்பிடித்தது இங்கேதான். 1706 ஜூலையில் கரையிறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, தமிழ் கற்று, உள்ளூர் அதிகாரியோடு பிணங்கி, இதே கோட்டையில் நாலு மாதம் சிறையும் இருந்து, வெளிவந்து, புஸ்தகம் அச்சிட வேண்டுமென்று ஐரோப்பாவுக்குக் கடிதமேல் கடிதம் எழுதினார். லண்டனிலிருந்து அச்சியந்திரம் ஏற்றிவந்த கப்பலைப் பிரேசில் கரையருகே பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். அதிலிருந்து தப்பி வந்த வழியில் கூடவந்த அச்சுத் தொழிலாளி இறந்துபோனார். இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துக்கள் 1713-இல் வந்தபோது, அவை அளவுக்கு மிஞ்சிப் பெரியவையாக இருந்து காகிதத்தை விழுங்கத் தலைப்பட்டன. அதனால் பாலாடைக்கட்டி அடைத்து வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கி, தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்தார்கள். எழுத்தைச் சிறிதாக்கிப் பக்கத்தை மிச்சம் பிடிக்கும் இந்த வித்தை, காலண்டரும் டைரியும் அடித்துப் பழகிய நம் அச்சாபீஸ்காரர்களுக்குப் புதிதல்ல. அப்படியும் காகிதம் போதாமல் பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலை ஒன்று ஏற்பட்டது. கடுதாசிப்பட்டறை என்று ஜனங்கள் சொல்லிவந்த இடம் அது. 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுமையாக வெளிவந்தது. நாலு ஆண்டு கழித்துத் தம் 36-ஆம் வயதில் இறந்த சீகன்பால்குவின் கல்லறை புதிய எருசலேம் ஆலயத்துக்குள் இருக்கிறது. அவர் பெயரால் ஒரு காட்சிசாலையும் ஊரில் உண்டு. தீப்பெட்டி லேபிளுக்காக அச்சில் இறங்கிய ஊர்க்காரர்கள், வேதப்புத்தகத்துக்காக அச்சில் இறங்கிய ஊரைப் பார்ப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லலாம்: கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரிலுள்ள ‘கோனிகியை’ என்பது, 1768-இல் இவ்வூர் மிஷனுக்கு வைத்தியராக வந்த கோனிக் என்பவரின் ஞாபகார்த்தம்.

கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில், 1306-ஆம் ஆண்டில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் ஏற்பட்டது. அதன் முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி இவ்வூரில் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன்பின் பழைய வீடுகள் பலவற்றைப் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புகள் செப்பனிட்டன. கரையெங்கும் கருங்கற்களைக் குவித்திருக்கிறார்கள். அக்கற்களின்மேல் ஏறிப் படம் எடுப்பதும், கடலில் இறங்கிக் குளிப்பதும் வேண்டாம். கண்மாயில் நீந்திப் பழகிய தைரியம் இந்தக் கடலிடம் செல்லாது.

சௌகரியங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. டேனிஷ் காலத்து மாளிகையில் நடக்கும் விடுதி வாடகை மிகுந்தது. எளிய அறைகள் சிலவே, ஆதலால் முன்னதாகப் பேசி வைப்பது அவசியம். கிடைக்காவிட்டால் திருக்கடையூரிலோ காரைக்காலிலோ தங்கலாம். சாப்பாட்டுக் கடைகளும் குறைவு. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவை அங்கே தேடி ஏமாற வேண்டாம். மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் குறையில்லை. காரைக்கால் எல்லை கூப்பிடு தூரம் என்பதால் ஆண்பிள்ளைகள் சிலருக்குச் சரித்திர ஆராய்ச்சி சட்டென்று அலுத்துப்போகக் கூடும். எல்லை தாண்டிப் பாட்டில் கொண்டுவருவது குற்றம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது குடும்பத்துக்கு நல்லது.

முதல் நாள் பிற்பகல் வந்து ராஜ வீதியில் நடப்பதும், மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது கடற்கரைக்கு வந்து, வெயில் ஏறியபின் கோட்டையையும் அதிலுள்ள தொல்லியல் துறைக் காட்சிசாலையையும் நிதானமாகப் பார்ப்பதுமே சரியான முறை; அதற்கு ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும். எனவே அடுத்த தை மாசியில் திருக்கடையூருக்கு வேன் பேசும்போதே தரங்கம்பாடியில் ஒரு ராத்தங்கலையும் சேர்த்து வாடகை பேசிவிடுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று காட்சிசாலைக்கு விடுமுறை.