கரைந்த தாடையென்பை மீள வளர்த்தல்: முரசு நோயும் இழையப் பொறியியலும்

ஸ்பெயினின் குர்துபா நகரை அண்டி வாழ்ந்து, கி.பி. 1013 அளவில் மறைந்த அபுல் காஸிம் அஸ்-ஸஹ்ராவி, முப்பது பாகங்களாலான 'அத்தஸ்ரீப்' என்னும் தமது மருத்துவக் கலைக்களஞ்சியத்தின் இறுதிப் பாகத்தைச் சத்திரசிகிச்சைக்கென ஒதுக்கினார். பற்களில் படிந்து இறுகும் காறை முரசைக் கெடுக்கின்றது என்பதை அறிந்திருந்த அவர், அதனைச் சுரண்டி அகற்றும் கருவிகளை அதில் வரைந்து காட்டினார். ஆட்டங்கண்ட பற்களைப் பொற்கம்பியால் அயற்பற்களுடன் பிணைக்கும் முறையையும், விழுந்த பல்லுக்குப் பதிலாக மாட்டெலும்பில் செதுக்கிய பல்லைப் பொருத்தும் முறையையும் விவரித்தார். ஆயினும், பல்லைத் தாங்கிய என்பு கரைந்த பின்னர் அதனை மீண்டும் வளரச் செய்யும் வழி அவர் காலத்தில் இருக்கவில்லை. அதற்கான அறிவியல் அடிப்படை கடந்த அரை நூற்றாண்டிலேயே தெளிவடைந்தது. அவ்வழி எத்தகையது, இன்று அது எதுவரை வந்துள்ளது என்பதை இங்கு நோக்குவோம்.

என்பு ஏன் கரைகின்றது?

பல் தாடையில் ஆணி போல அறையப்பட்டிருப்பதில்லை. அதன் வேரைச் சீமெந்து எனும் மெல்லிய கடினப் படையொன்று போர்த்தியுள்ளது. வேர் அமர்ந்துள்ள குழியின் சுவர் என்பாலானது. இவ்விரண்டுக்கும் இடையே, ஒரு மில்லிமீற்றரிலும் மிகக் குறைந்த இடைவெளியில், நுண்ணிய நார்கள் ஒரு முனையால் சீமெந்திலும் மறுமுனையால் என்பிலும் பதிந்து பல்லைத் தொங்கவிட்டாற்போல் தாங்குகின்றன. மெல்லும்போது ஏற்படும் அழுத்தத்தை ஏந்துபவை இந்நார்களே.

முரசின் ஓரத்தில் பற்றீரியாப் படலம் தேங்கும்போது உடலின் பாதுகாப்புக் கலங்கள் அங்கு திரள்கின்றன. அழற்சி நீடிக்குமாயின், அக்கலங்கள் வெளியிடும் இரசாயனச் சைகைகள் என்பைக் கரைக்கும் கலங்களைத் தூண்டுகின்றன. எனவே, என்பின் அழிவில் பற்றீரியாவுக்கு உள்ள பங்கைப் போலவே, அதனை எதிர்க்கும் நமது உடலுக்கும் பெரும் பங்குண்டு.

இதற்கான முக்கிய சான்றொன்றை இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் வழங்கின. ஹெரல்ட் லோ தலைமையிலான ஆய்வாளர்கள் 1970 முதல் பதினைந்து ஆண்டுகள் 480 ஆண் தொழிலாளர்களை அவதானித்து, 1986 இல் தமது முடிவுகளை வெளியிட்டனர். அத்தொழிலாளர்களுக்குப் பல் துலக்கும் வழக்கமோ பல் வைத்திய வசதியோ இருக்கவில்லை. எல்லோரது பற்களிலும் படலமும் காறையும் நிறைந்திருந்தன. அவ்வாறிருந்தும், 8 சதவீதத்தினரில் நோய் விரைவாக முற்றியது. 81 சதவீதத்தினரில் மிதமாக வளர்ந்தது. 11 சதவீதத்தினரில் முரசழற்சிக்கு அப்பால் செல்லவில்லை. ஒரே அழுக்கு மூவகை விளைவைத் தந்ததெனில், வேறுபாடு உடல் அதற்கு ஈடுகொடுக்கும் விதத்திலும் இருந்தாக வேண்டும். வைத்திய வசதியற்றிருந்த அம்மக்களின் வாய்களிலிருந்தே உலகப் பல் வைத்தியம் இப்பாடத்தைக் கற்றது.

கடுமையான முரசு நோயால் உலகில் நூறு கோடிக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டுள்ளதாக உலக சுகாதார நிறுவனம் 2022 இல் மதிப்பிட்டது.

முந்திச் செல்லும் கலம்

நோயுற்ற குழியைத் துப்புரவு செய்துவிட்டால் அது தானாகவே நிரம்பாதா என்ற கேள்வி எழலாம். புண் ஆறும்போது முரசின் மேற்றோற் கலங்களே ஏனையவற்றை முந்திக்கொண்டு வேரின் வழியே கீழிறங்கிவிடுகின்றன. அவை வேரைப் போர்த்திய பின்னர் நார்களுக்கோ சீமெந்துக்கோ அங்கு இடமில்லை. வேரின் மேற்பரப்பை முதலில் சென்றடையும் கலம் எதுவோ, அதுவே அங்கு உருவாகும் இழையத்தைத் தீர்மானிக்கின்றது என்னும் கருத்தை மெல்ச்சர் 1976 இல் முன்வைத்தார். 1982 இல் சுவீடனைச் சேர்ந்த ஸ்டூரே நீமனும் அவரது குழுவினரும் முரசுக்கும் வேருக்கும் இடையே ஒரு மென்சவ்வை வைத்து, மேற்றோற் கலங்களைத் தடுத்து, மனிதப் பல்லொன்றில் புதிய சீமெந்தும் நார்ப் பிணைப்பும் தோன்றியதைக் காட்டினர்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. குழியை என்புத் துகளால் நிரப்புவதும் என்பை மீள வளர்ப்பதும் ஒன்றல்ல. கதிர்ப்படத்தில் குழி நிரம்பியதாகத் தோன்றினாலும், நார்கள் வேரில் பதியாவிடின் பல்லின் பிணைப்பு முழுமையடைவதில்லை. என்பு வேருடன் நேரடியாக ஒட்டிக்கொண்டால் வேரே காலப்போக்கில் கரையத் தொடங்கலாம். சீமெந்து, நார், என்பு ஆகிய மூன்றும் தத்தமது இடத்தில், ஒன்றோடொன்று இசைந்து வளர்தல் வேண்டும்.

நிலமும் வித்தும் நீரும்

இழையப் பொறியியல் தனியொரு துறையாக உருப்பெறுவதற்கு, ரொபர்ட் லாங்கரும் ஜோசப் வகான்ட்டியும் 1993 இல் எழுதிய கட்டுரை பெரிதும் உதவியது. பயிருக்கு நிலமும் வித்தும் நீரும் போன்று, புதிய இழையத்துக்குத் தாங்குசட்டகமும் கலங்களும் வளர்ச்சிச் சைகைகளும் தேவை.

சைகைகளைப் பொறுத்தவரை, சுண்ணாம்பு நீக்கப்பட்ட என்பைத் தசைக்குள் வைத்தால் அங்கும் புதிய என்பு தோன்றுவதை மார்ஷல் யூரிஸ்ட் 1965 இல் கண்டறிந்தார். என்பை உருவாக்கத் தூண்டும் புரதங்களின் வரலாறு அங்கிருந்தே தொடங்குகின்றது. குருதிச் சிறுதட்டுக்களிலுள்ள வளர்ச்சிக் காரணியொன்றைக் கல்சியம் பொஸ்பேற்றுத் துகளுடன் சேர்த்து முரசு நோய்க் குழிகளில் இட அமெரிக்கா 2005 இல் அனுமதியளித்தது. வேறொரு வளர்ச்சிக் காரணியை ஜப்பான் 2016 இல் அங்கீகரித்தது.

கலங்களைப் பொறுத்தவரை, பிடுங்கப்பட்ட ஞானப்பற்களின் நார்களில் குருத்துக் கலங்கள் இருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2004 இல் அறிவித்தனர். டோக்கியோ பெண்கள் மருத்துவப் பல்கலைக்கழகத்தினர், நோயாளியின் பிடுங்கிய பல்லிலிருந்து பெற்ற நார்க் கலங்களைச் சிறப்பான தட்டுக்களில் வளர்த்தனர். வெப்பநிலையைக் குறைத்தாலே கலங்கள் சிதறாமல் ஒரே தாளாகக் கழன்றுவரும் வகையில் அத்தட்டுக்கள் அமைந்தவை. மூன்று தாள்களை அடுக்கி வேரின் மீது வைத்து, குழியைக் கல்சியம் பொஸ்பேற்றுத் துகளால் நிரப்பினர். பத்து நோயாளிகளில் என்பு வளர்ந்ததையும் பாரதூரமான தீங்கு நேராததையும் 2018 இல் வெளியிட்டனர்.

எனினும், எல்லா முயற்சிகளும் இவ்வாறு அமையவில்லை. ஒரு நோயாளியின் குழிக்கு ஏற்ப முப்பரிமாண அச்சில் வார்க்கப்பட்ட சட்டகம் ஓராண்டு வரை நன்கு நிலைத்து, பதின்மூன்றாம் மாதத்தில் முரசின் வெளியே தென்பட்டு, இறுதியில் அகற்றப்பட்டதாக 2015 இல் பதிவாகியது. 2016 இல் வெளிவந்த சீன ஆய்வொன்றில், மாட்டென்புத் துகளுடன் குருத்துக் கலங்களைச் சேர்த்தவர்களுக்கும் துகளை மட்டும் பெற்றவர்களுக்கும் இடையே புள்ளிவிபர ரீதியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆகவே, கலங்களைக் கொண்ட ஒட்டுக்களை ஆய்வு நிலையில் உள்ளவையாகவே கருத வேண்டும். சாதாரண சிகிச்சையில் மென்சவ்வுகளும் என்புத் துகள்களும் வளர்ச்சிக் காரணிகளுமே பயன்படுகின்றன.

இப்பொருட்களின் மூலமும் கவனத்திற்குரியது. என்புத் துகள் பெரும்பாலும் மாட்டிலிருந்து பெறப்படுகின்றது. கொலாஜன் மென்சவ்வுகள் பலவும், பல் மிளிரிப் புரதங்களும் பன்றியிலிருந்து பெறப்படுபவை. செயற்கையான மாற்றுக்களும் உண்டு. எனவே, சிகிச்சைக்கு முன்னரே வைத்தியரிடம் இதனை விசாரித்தறிவது நோயாளியின் உரிமையாகும்.

எந்த ஒட்டுக்கும் எல்லை உண்டு. மூன்று பக்கமும் என்புச் சுவர் எஞ்சியிருக்கும் ஒடுங்கிய ஆழமான குழி நற்பலன் தரும். என்பு எங்கும் சமமாகத் தாழ்ந்துவிட்ட வாயில் நம்பகமான பலனை இன்றைய முறைகள் தருவதில்லை. புகைத்தலும் கட்டுப்படாத நீரிழிவும் கிடைத்த பலனையும் கெடுக்கும். பல் துலக்கும்போது இரத்தம் கசியும் கட்டத்தில் நோய் பெரும்பாலும் முரசோடு நிற்கின்றது. அப்போது அதனை முற்றாக மீட்கலாம். அதற்குத் தேவையானது ஒழுங்கான துப்புரவும், காறையை அகற்றும் கருவியுமே. ஸஹ்ராவி வரைந்து காட்டியதும் அக்கருவியைத்தான். அதிநவீன ஒட்டைப் பொருத்தும் வைத்தியரும் இன்றுவரை முதலில் கையிலெடுப்பது அதன் வழித்தோன்றலையே.